ஏரியிலிருந்து வந்த மூன்றாவது புகார்

ஊரே வெயிலில் வெந்துகொண்டிருந்த மாதத்தில் ஒருத்தி மட்டும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். தாராளமாகச் சிரிக்கட்டும். ஸ்வெட்டருக்குள் இருந்தவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஏ.சி. பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் போனில் புகார் வாங்குவது அவள் வேலை. பதினோரு வருடமாக அதே நாற்காலி. மெக்கானிக்குகள் அவளைப் புகாரக்கா என்பார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அவளுடைய உண்மையான பெயர் தெரியாது, தெரிந்துகொள்ளும் அவசரமும் அவர்களுக்கு இல்லை. ஏ.சி. கம்பெனி என்பதால் அவள் அறையில் வருடம் முழுவதும் பதினெட்டு டிகிரி. "நம்ம ஆபீஸே வேர்த்து வழிஞ்சா எவன் நம்மகிட்ட வருவான்" என்பது மேனேஜரின் கொள்கை. புகார் வாங்கும் அறையை எந்த வாடிக்கையாளரும் எட்டிக்கூடப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். ரிமோட் மேனேஜரின் இழுப்பறையில் பூட்டிக் கிடந்தது. புகாரக்கா கைகளை ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டு, விரல் நுனிகளை மட்டும் வெளியே நீட்டித் தட்டச்சு செய்வாள்.

அறைக்கு மூன்று ஜன்னல்கள் உண்டு. மூன்றையும் அடைத்து விளம்பரப் படம் ஒட்டியிருந்தார்கள். பனிக்கட்டியின் மேல் பென்குவின்கள் கூட்டமாக நிற்கிற படம். தெருவிலிருந்து பார்த்தால் அழகாக இருக்குமாம். உள்ளே இருப்பவளுக்கு அதன் வெளிறிய பின்பக்கம்தான். வெளியே வெயிலா மேகமா, மணி பதினொன்றா நாலா, எதுவும் தெரியாது. காலை எட்டு மணிக்கு உள்ளே போனால் சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் வெளியே வருவாள். கோடைக்காலத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மற்றவர்கள் போனில் சொல்லிக் கேட்டதுதான்.

"வெளியே தலைகாட்ட முடியல மேடம்" என்பார் ஒருவர். "அனலா அடிக்குது, மனுஷங்க வாழறதா வேண்டாமா" என்பார் இன்னொருவர். யார் என்ன சொன்னாலும் அவள் முதலில் சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்று இருந்தது. "இந்தக் கடும் வெயிலில் உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது." ஒரு நாளைக்கு நூற்றைம்பது தடவை சொல்வாள். எங்கே புரிந்தது? வெயில் முதுகில் பட்டு எத்தனை நாளாயிற்று என்று கேட்டால் அவளால் பதில் சொல்லியிருக்க முடியாது. போன வாரம் ஒரு அம்மாள் கூப்பிட்டு, "நான் இப்ப தோட்டத்துல மரத்தடியிலதான் உக்காந்திருக்கேன், ஜிலுஜிலுன்னு காத்து வருது, ஆனா படுக்கையறை ஏ.சி.தான் சரியா இல்ல" என்றார். புகாரக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சிரமம் புரிகிறது என்று சொல்லிவைத்தாள். புரியவே இல்லை. மரத்தடியும் காற்றும் இருக்கிறவளுக்கு என்ன சிரமம் வேண்டிக் கிடக்கிறது?

கோடை மூன்று மாதமும் கம்பெனிக்குச் சீசன். சீசனில் ஞாயிறு கிடையாது, லீவு கிடையாது. எடுக்காத விடுமுறைகளை எல்லாம் சேர்த்து வைத்து, மழை தொடங்கியதும் மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம். இதைப் பெரிய சலுகை மாதிரி சொல்வார்கள். வெயில் காலத்தில் சேர்த்த விடுமுறையைப் பதினோரு வருடமாக அவள் மழையில் செலவழித்து வந்தாள். குடையைப் பிடித்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய் வருவதைத் தவிர அந்த விடுமுறையில் செய்ய என்ன இருந்தது?

போகட்டும், தன் பாடு என்றுதான் இத்தனை வருடம் இருந்தாள். இந்த வருடம் அப்படி இருக்க முடியாமல் போனதற்குக் காரணம் மகள்.

மகளுக்குப் பத்து வயது முடிந்திருந்தது. கோடை விடுமுறை விட்ட அன்றே கேட்டுவிட்டாள், "அம்மா, இந்த வருஷம் எனக்கு நீச்சல் சொல்லித் தரியா?" அவர்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி ஒரு ஏரி இருந்தது. கோடையில் மட்டும் அதன் ஒரு பக்கத்தைக் கயிறு கட்டி ஒதுக்கி, ஊதலோடு ஒரு காவலாளியை நிறுத்தி, ஜனங்களைக் குளிக்க விடுவார்கள். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை. மழை வந்து தண்ணீர் ஏறுவதற்கு முன்னால் மூடிவிடுவார்கள். வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். விடுமுறையில் வேன் நிற்கும், அவரும் வீட்டில்தான் இருப்பார். சமைப்பது, துவைப்பது, மகளைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அந்த இரண்டு மாதம் அவர் பொறுப்பு. ஆனால் முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் அவருக்கு உடம்பு நடுங்கும். வீட்டில் நீந்தத் தெரிந்தவள் இவள் ஒருத்திதான். படித்த காலத்தில் போட்டியில் இரண்டாவதாக வந்தவள்.

"வர ஞாயித்துக்கிழமை போலாம்" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உடன் வேலை செய்பவளுக்குக் காய்ச்சல் என்று கூப்பிட்டுவிட்டார்கள். அதற்கடுத்த ஞாயிறு, வெயில் போன வருடத்தைத் தாண்டிவிட்டது, போன்கள் ஓயவில்லை என்று கூப்பிட்டார்கள். மூன்றாவது ஞாயிறு மகள் துண்டு, மாற்றுத் துணி எல்லாம் பையில் எடுத்து வைத்து, செருப்பும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். ஏழு மணிக்கு மேனேஜரின் போன். மகள் செருப்பைக் கழற்றினாள். பையில் இருந்ததை எடுத்து அலமாரியில் மடித்து வைத்தாள்.

நாலாவது ஞாயிறு அவள் கேட்கவே இல்லை. இவளும் அதைக் கவனிக்கவில்லை. கேட்கவில்லையே, நிம்மதி என்றுகூட நினைத்திருக்கலாம். அதை நினைத்தால்தான் பின்னால் அவளுக்குத் தன் மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது குளியலறை வாசலில் வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். "பதினெட்டு. பத்தொம்பது. இருவது" என்று எண்ணிக்கொண்டிருந்தார். உள்ளே மகள் மண்டியிட்டு, ஒரு வாளித் தண்ணீருக்குள் முகத்தை முக்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர் சொட்டச் சொட்ட நிமிர்ந்தாள்.

"என்னடி பண்றே?"

"நீச்சல் பழகறேன்."

"வாளியிலயா?"

"முதல்ல மூச்சடக்கத்தான் கத்துக்கணுமாம். கையும் காலும் அப்புறம். போன்ல பாத்தேன்."

"நான்தான் சொல்லித் தரேன்னு சொன்னேனே."

"உனக்குச் சீசன்மா" என்றாள் மகள். கோபமாகச் சொல்லவில்லை. உடம்பு சரியில்லாதவர்களிடம் நீங்கள் எழுந்திருக்க வேண்டாம் என்று சொல்வோமே, அப்படிப் பெருந்தன்மையாகச் சொன்னாள். சொல்லிவிட்டு மறுபடியும் முகத்தை வாளிக்குள் விட்டாள். அப்பா மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.

பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது புகாரக்காவுக்கு வயிறு எரிந்தது. பத்து நிமிட நடையில் ஒரு ஏரி இருக்க, ஒரு குழந்தை வாளிக்குள் நீந்துகிறது. இது எந்த நியாயத்தில் சேர்த்தி? யாரோ ஒருவர் வீட்டின் மூன்றாவது ஏ.சி. ஓடவில்லை என்ற புகாரை எழுதிக்கொள்வதற்காகத் தன் மகள் குளியலறைத் தரையில் மண்டியிட வேண்டுமா? ஏரிக்கரைப் பக்கம் பஸ் திரும்பியபோது பலகை கண்ணில் பட்டது. வரும் வெள்ளிக்கிழமையோடு குளியல் துறை மூடப்படும். இன்றைக்குத் திங்கள். அதற்கப்புறம் அடுத்த கோடைதான். அடுத்த கோடையில் மகளுக்குப் பதினொன்று முடிந்திருக்கும். கேட்பதை நிறுத்திவிட்டவள் அப்போது ஏரிக்குக் கூப்பிட்டாலும் வருவாள் என்று என்ன நிச்சயம்?

நேரே மேனேஜரின் அறைக்குப் போனாள். மேனேஜர் ஒரு வாரம் கடற்கரை ஊர் ஒன்றில் தங்கிவிட்டு அன்றுதான் வந்திருந்தார். சீசன் தடை மேனேஜர்களுக்குக் கிடையாது. நல்ல வெயிலில் கிடந்திருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. மூக்கு உரிந்திருந்தது. கையில் கடிகாரம் இருந்த இடம் மட்டும் வெளுத்து வளையமாக இருந்தது.

"ரெண்டு மணி நேரம் சார். ஒரே ஒரு நாள். நாலுலேர்ந்து ஆறு."

"சீசன்மா இது."

"தெரியும் சார். பதினோரு சீசன் பாத்துட்டேன்."

"பொண்ணுக்கு உடம்புக்கு ஏதாவதா?"

"நல்லாத்தான் இருக்கா சார். ஏரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

மேனேஜர் சிரித்தார். கெட்டவர் இல்லை. வேடிக்கையாகத்தான் இருந்தது அவருக்கு. "உடம்புன்னா ஏதாவது பண்ணலாம். ஏரிக்குப் போகணும்னா அதை எந்தக் காரணத்துல எழுதறது?"

"அதையே எழுதுங்க சார்."

"அப்படி ஒரு காரணம் இதுல இல்லையேம்மா" என்று லீவு விண்ணப்பத்தை எடுத்துக் காட்டினார். உண்மைதான். நோய்க்கு ஒரு கட்டம், பிரசவத்துக்கு ஒரு கட்டம், சாவுக்கு ஒரு கட்டம், கல்யாணத்துக்கு ஒரு கட்டம். வெயில் நன்றாக அடிக்கிறது, கொஞ்சம் நின்றுவிட்டு வருகிறேன் என்பதற்குக் கட்டம் இல்லை. "மழை ஆரம்பிக்கட்டும், ஒரு வாரமாவே எடுத்துக்குங்க" என்று சொல்லிக்கொண்டே மேனேஜர் மூக்கிலிருந்து ஒரு துணுக்குத் தோலை உரித்து மேஜையில் போட்டார். அந்தத் தோலைப் பார்த்தபடி அவள் கொஞ்ச நேரம் நின்றாள்.

மகளுக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருந்தால் கிடைத்திருக்கும். அதை அவளால் சொல்ல முடியவில்லை. நன்றாக இருக்கிற பிள்ளையை நோயாளி என்று சொல்ல நாக்கு புரளவில்லை. சொல்லாமல் நின்றுவிடலாம் என்றால், சீசனில் அப்படி நின்றவர்களின் நாற்காலியில் மறுநாளே வேறு ஆள் உட்கார்ந்திருந்ததை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

அன்றைக்குப் பதினோரு மணிவாக்கில் ஒரு புகார் சிவப்பாக வந்து நின்றது. ஒரே முகவரியிலிருந்து மூன்றாவது முறை புகார் வந்தால் திரையில் சிவப்பாகிவிடும். அப்படிச் சிவப்பான புகாருக்கு, மெக்கானிக்கோடு புகார் வாங்கியவரும் நேரில் போக வேண்டும். மேனேஜர் போட்ட விதிதான். போனில் புலியாகப் பாய்கிறவர்கள், குளிரில் வெடவெடத்துப் போன ஒரு பெண்ணை நேரில் பார்த்ததும் அடங்கிவிடுவார்கள் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. சீசனில் அவள் பகல் வெளிச்சத்தைப் பார்ப்பது அந்த வழியில் மட்டும்தான். போகிற வழியில் கொஞ்சம், திரும்புகிற வழியில் கொஞ்சம், நடுவில் யார் வீட்டிலாவது திட்டு.

சிவப்பு எழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஸ்வெட்டரிலிருந்து முழுக் கையையும் வெளியே எடுத்து, புதிய புகார் ஒன்றைப் பதிந்தாள். இடம்: ஏரிக்கரை, குளியல் துறை, நுழைவுக் கொட்டகை. குறை: குளிர்ச்சி போதவில்லை. கீழே, போனிலேயே தீர்ந்தது என்று எழுதி மூடினாள். செவ்வாய்க்கிழமை அதே முகவரி, அதே குறை, போனிலேயே தீர்ந்தது. புதன்கிழமை மூன்றாவது. திரை சிவந்தது. நேரில் செல்ல வேண்டிய நேரம், வியாழன் மாலை நாலிலிருந்து ஆறு. பதினோரு வருடத்தில் அவள் எழுதிய முதல் பொய்ப் புகார்கள் அவை. அவ்வளவு ஆத்திரம் அவளுக்கு.

வியாழன் மூன்று மணிக்கு மேனேஜர் வந்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது, ஏரிக்கரை கேஸ்?"

"வரேன் வரேன்னு சொல்லிட்டுப் போகாம விட்டிருக்கோம் சார். மூணு தடவை."

"ரொம்பக் கோவமா இருக்காங்களா?"

"கோவமெல்லாம் போயிடுச்சு சார். இப்ப ஒண்ணுமே சொல்றதில்ல."

"ஐயோ, அதுதான்மா மோசம். திட்டறவங்க இருப்பாங்க, பேசாம இருக்கறவங்கதான் கம்பெனியை மாத்திட்டுப் போயிடுவாங்க. உடனே கிளம்புங்க."

கிளம்பும்போது வீட்டுக்குப் போன் செய்தாள். நாலு மணிக்கு மகளை ஏரிக்குக் கூட்டி வரச் சொல்ல வேண்டும், என்ன ஏது என்று சொல்லாமல் கூட்டி வரச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தாள். வீட்டுக்காரர் சொன்னார், "அவ மத்தியானத்துலேர்ந்து பையோட வாசல்ல நிக்கறா. ஏரிக்குப் போகணும்கறா. எனக்குத்தான் ஒண்ணும் புரியல."

இவளுக்கும் புரியவில்லை. ஸ்வெட்டரை நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு வெளியே வந்தாள். வாசலில் கால் வைத்ததும் கண் கூசித் தண்ணீர் வந்தது. சுள்ளென்று உச்சந்தலையில் விழுந்தது வெயில். கடை நிழல்களில் ஒதுங்கி நின்றவர்கள், நடுத்தெருவில் முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்ற அவளை ஒருமாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நின்றாள். பஸ்ஸிலும் யாரும் உட்காராத வெயில் பக்கத்து ஜன்னலாகப் பார்த்து உட்கார்ந்தாள். விரல்களுக்கு உயிர் வந்தது.

ஏரிக்கரையில் மகளும் அப்பாவும் நின்றிருந்தார்கள். மகள் கையில் வீட்டில் கிடக்கிற பழைய போன். விளையாடுவதற்கு அவள் வைத்திருப்பது. அதைப் பார்த்ததும்தான் புகாரக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாடிக்கையாளரின் போன் எண் இல்லாமல் புகார் ஏறாது. ஏதோ ஒரு எண் வேண்டும் என்று, யோசிக்காமல், மனப்பாடமாகத் தெரிந்த அந்தப் பழைய போனின் எண்ணைத்தான் மூன்று தடவையும் போட்டிருந்தாள். பதிவான ஒவ்வொரு புகாருக்கும் கம்பெனியிலிருந்து செய்தி போகும்.

மகள் போனைத் தூக்கிப் படித்தாள். "ஏரிக்கரை, குளியல் துறை. தங்கள் மூன்றாவது புகார் பதிவு செய்யப்பட்டது. சிரமத்துக்கு வருந்துகிறோம். எங்கள் பிரதிநிதி வியாழன் மாலை நான்கு மணிக்கு நேரில் வருவார்." நிமிர்ந்து, "அது நீதானே?" என்றாள்.

"நான்தான். வருவேன்னு எப்படி நம்பினே?"

"நீ சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்" என்றாள் மகள். "உங்க கம்பெனி சொன்னா நீ கண்டிப்பா போவியேம்மா."

வீட்டுக்காரர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதினோரு வருடமாகப் புகாரக்கா எவர் எவரிடமோ கேட்ட திட்டெல்லாம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். யார் மேல் கோபப்படுவது? மேனேஜர் மேலா, ஊரில் உள்ள ஏ.சி.க்காரர்கள் மேலா, தன் மேலேயா? எல்லார் மேலும் வந்தது. தன் மேல்தான் அதிகம் வந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பக்கவாட்டில் ஏணி, பின்னால் பெட்டி. அதிலிருந்து இறங்கியவரை கம்பெனியில் எல்லாரும் 'ஏணி' என்பார்கள், மெக்கானிக். எந்நேரமும் ஏணியைத் தூக்கிக்கொண்டு திரிவதால் அவருக்கு அந்தப் பெயர். நாற்பதை நெருங்குகிற மனுஷர்.

"அக்கா, ஏ.சி. யூனிட் எங்க?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்றாவது புகாருக்கு அவள் போக வேண்டும் என்பது விதியின் ஒரு பாதிதான். மெக்கானிக்கும் போக வேண்டும் என்பது மறுபாதி. அவர்கள் முந்தைய வேலையிலிருந்து நேராக வந்துவிடுவார்கள், கேஸ் விவரம் தானாகவே அவர்கள் போனுக்குப் போய்விடும். நாள் முழுக்க மெக்கானிக்குகளை அனுப்புவதையே பிழைப்பாக வைத்திருப்பவள், இந்த ஒரு கேஸில் மெக்கானிக்கை மறந்துவிட்டாள்.

காவலாளி கொட்டகையிலிருந்து தலையை நீட்டினார். "இங்க ஃபேனே கிடையாதுங்க. எனக்கே ஒண்ணு வேணும்னு நாலு வருஷமா கேட்டுப் பாத்தாச்சு."

ஏணி அவளைப் பார்த்தார். பையைப் பார்த்தார். துண்டோடு நிற்கும் பெண்ணைப் பார்த்தார். "அக்கா, நாலு மாடி ஏறி இறங்கி, பாதி வேலையை ஓட்டமா முடிச்சிட்டு வரேன்" என்றார். கோபம்தான்.

"தப்பு என்னோடதுதான் தம்பி. உங்களை இதுல இழுத்துவிடணும்னு நினைக்கல" என்று நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். ஏணி கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு ஏணியை இறக்கிக் கரையில் சாய்த்தார். காலணிகளைக் கழற்றினார்.

"அடுத்த வீடு அஞ்சரைக்குத்தான். நானும் வெளியிலதான் வேலை செய்யறேன்னு எல்லாரும் நினைச்சிட்டிருக்காங்க. ஜன்னலுக்கு வெளியே ஒரு காலைத் தொங்கவிட்டுக்கிட்டுச் சுவரைப் பாத்துட்டு இருக்கறதுதான் என் வெளியிடம்" என்று சொல்லிவிட்டு, காலைத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்துகொண்டார்.

புகாரக்கா உடுத்தியிருந்த துணியோடே இறங்கினாள். மேலாகத் தண்ணீர் வெதுவெதுப்பாகவும், இடுப்புக்குக் கீழே குளிர்ந்தும் இருந்தது. குளிர் என்றால் அறையின் குளிர் இல்லை, உடம்பு கேட்டு வாங்கிக்கொள்கிற குளிர். முதுகில் வெயில். எத்தனை வருடம் இதை விட்டுக்கொடுத்திருக்கிறோம் என்று நினைத்தபோது மறுபடி ஆத்திரம் மூண்டது. சந்தோஷத்தைக்கூட ஆத்திரத்தோடு அனுபவிக்க வேண்டியிருந்தது.

மகளைக் குப்புறக் கிடத்தி, வயிற்றுக்கு அடியில் இரண்டு கையும் கொடுத்தாள். "கையை முன்னாடி நீட்டு. காலை விறைப்பா வச்சுக்காதே. நான் பிடிச்சிருக்கேன்."

ஒரு கையை நீட்டினாள் மகள். மறு கை அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. விடவில்லை.

"ரெண்டு கையையும் நீட்டினாத்தான்டி மிதப்பே. தண்ணியைப் பாத்து பயமா?"

"தண்ணிக்கு என்ன பயம்" என்றாள் மகள். பிடி மட்டும் தளரவில்லை. இருபது நிமிடம் அப்படியே போயிற்று. நீட்டிய கை ஒன்று, பிடித்த கை ஒன்று. ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து வாயில் தண்ணீர் போனது. கரையில் வேறு ஏதாவது சத்தம் கேட்டால் அவள் முகம் உடனே அந்தப் பக்கம் திரும்பியது. அம்மாவுக்கு மெல்லத்தான் விளங்கியது. பெண் தண்ணீருக்குப் பயந்து பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

கரையில் ஏணியின் போன் அடித்தது. எடுத்துப் பேசியவர், போனைக் கையால் மூடிப் பிடித்துக்கொண்டு கயிறு வரை வந்தார்.

"அக்கா, மேனேஜர். நீங்க எடுக்கலைன்னு எனக்கு அடிச்சிருக்கார். லைன் குவிஞ்சு கிடக்காம், நீங்க எப்ப வருவீங்கன்னு கேக்கறார். கம்ப்ரெசர் போயிடுச்சுன்னு சொல்றேன். ஒரு மணி நேரம் தாங்கும்."

மணிக்கட்டின் மேல் விரல்கள் இறுகின. மகள் இவளைப் பார்க்கவில்லை. முகம் வேறு பக்கம் இருந்தது, காது மட்டும் இங்கே இருந்தது.

கம்ப்ரெசர் நல்ல பொய்தான். மேனேஜர் நம்புவார். மூன்று பொய் எழுதியாகிவிட்டது, நாலாவதற்கு என்ன வந்தது? ஆனால் அந்த ஒரு மணி நேரம் முடிந்ததும் மறுபடி போன் அடிக்கும், அது அடிக்கும்வரை இந்தப் பெண் இந்தக் கையை விடப் போவதில்லை.

"வேண்டாம் தம்பி" என்றாள். "ஏ.சி.யும் இல்ல, கேஸும் இல்லன்னு சொல்லுங்க. நானேதான் பொய்யா எழுதினேன்னு சொல்லுங்க. என் பொண்ணுக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்திட்டு இருக்கேன், ஆறு மணிக்கு மூடற வரைக்கும் வரமாட்டேன். நாளைக்குக் கடைசி நாள், நாளைக்கும் நாலு மணிக்குக் கிளம்பிடுவேன். அதையும் சொல்லிடுங்க."

"அப்படியேவா அக்கா?"

"அப்படியே."

ஏணி அப்படியே சொன்னார். "ஆமா சார், ஏரிதான். தண்ணிக்குள்ளதான் சார் நிக்கறாங்க" என்றார். பிறகு போனைக் காதிலிருந்து அரை முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். மேனேஜரின் குரல் கயிற்றுக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது.

"என்ன சொல்றார்?"

ஏணி தயங்கினார். "நாளைக்கு நாலு மணிக்குக் கிளம்ப வேண்டாமாம். காலையிலயே வர வேண்டாமாம்."

பதினோரு வருடம். ஏரிக்குப் போக ஒரு கட்டம் இல்லாத காகிதத்தை வைத்துக்கொண்டு, மூக்குத்தோல் உரிய வெயில் காய்ந்து வந்த ஒரு மனுஷர், ஒரே வார்த்தையில் தூக்கிப் போட்டுவிட்டார். முழங்கால் தண்ணீரில் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு நின்ற வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவரும் கேட்டிருந்தார். முகம் வெளுத்துத்தான் போயிருந்தது.

"அதை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். "நீ அவளைப் பிடி."

மகள் தலையைத் தூக்கினாள். "இப்பப் போகணுமா?"

"இல்ல."

"மறுபடி போன் பண்ணினா?"

"பண்ணினாலும் இல்ல."

மகள் அவள் முகத்தையே பார்த்தாள். வெகு நேரம் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு மணிக்கட்டிலிருந்து கையை எடுத்து, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, முகத்தைத் தண்ணீருக்குள் விட்டாள். அம்மாவின் உள்ளங்கைகளில் அவள் கனம் லேசாகிக்கொண்டே வந்தது. மூச்சு முட்டி எழுந்து, இருமித் துப்பி, தலைமயிரை ஒதுக்கிக்கொண்டு கேட்டாள்.

"கையை எடுத்துட்டியா?"

"எடுக்கல. இங்கதான் இருக்கு."

"இப்ப எடு" என்றாள் மகள்.

அம்மா எடுத்தாள்.